தினைப்புனமும் கேமராவும்

தமிழில் மலைக்குப் பஞ்சமில்லை. மலையில் நிற்கும் பெண்ணுக்கும் பஞ்சமில்லை. குறிஞ்சித் திணையை நடத்தும் ஒவ்வொரு ஆண்டும் அருவி, சுனை, வேங்கை, பரண், கிளி என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, நடுவே ஒரு பெண்ணை நிறுத்திவிட்டுத்தான் அடுத்த திணைக்குப் போகிறோம். ஆனால் ஒரு பெண் தனியாக மலைக்குப் போனாள், சுற்றிப் பார்த்தாள், வெயில் ஏறியதும் இறங்கி வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள் என்று ஒரு பாட்டைக் காட்டச் சொன்னால் திணற வேண்டியிருக்கிறது. நான் பல வருடங்களாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

குறிஞ்சிப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 261 அடிகள். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் அருமையைச் சொல்லக் கபிலர் பாடியது என்பது மரபு. அந்தப் பாட்டை நாம் 99 பூக்களுக்காக நினைவில் வைத்திருக்கிறோம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்த எண்ணிக்கை மட்டுமே போதும். தினை காக்கப் போன தலைவியும் தோழியும் அருவியில் ஆடுகிறார்கள், பூப் பறித்துப் பாறையில் குவிக்கிறார்கள், தழை கட்டுகிறார்கள். சரி, இதையெல்லாம் சொல்வது யார், யாரிடம், எதற்காக? தோழி சொல்கிறாள், செவிலியிடம். தலைவியின் உடம்பு வாடியிருக்கிறது, வீட்டில் கேள்வி எழுந்துவிட்டது, பதில் சொல்லியாக வேண்டும். பொழுது சாய்வதற்குள் வந்துவிடச் சொல்லி எங்களை அனுப்பியவளே நீதானே என்றுதான் அவள் மலைக் கதையைத் தொடங்குகிறாள். அறத்தொடு நிற்றல் என்று துறைக்குப் பெயர் சொல்லி மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். பழந்தமிழில் மலையை இத்தனை உன்னிப்பாகப் பார்த்த கண் ஒரு பெண்ணின் கண்ணாகப் படைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பார்த்ததைச் சொல்ல அவளுக்குக் கிடைத்த இடம் விசாரணை நடக்கும் இடம். எங்கே போனீர்கள், ஏன் தாமதம் என்ற கேள்விக்கு விடையாகத்தான் அத்தனை பூவும் பூக்கிறது.

தினைப்புனம் என்பது ஓர் அனுமதிச் சீட்டு. கதிர் முற்றும்வரை மலை அவளுடையது. தட்டையும் குளிருமாகக் கிளி ஓட்டலாம், பரணில் உட்கார்ந்து தூரத்தைப் பார்க்கலாம். தினை அறுத்ததும் சீட்டு செல்லாது. அதற்குப் பிறகு வருவது இற்செறிப்பு. வேலை முடிந்தால் மலையும் முடிந்தது. தலைவனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவனும் ஒரு சாக்கோடுதான் வருகிறான், இல்லையென்று சொல்லவில்லை. அம்பு பட்ட யானை இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்பான். கெடுதி வினாதல் என்று அந்தச் சாக்குக்கு இலக்கணத்தில் பெயரே இருக்கிறது. ஆனால் அவனுடைய சாக்கு அவளிடம் பேச்சுக் கொடுப்பதற்கு. மலையில் அவன் ஏன் இருக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. நள்ளிரவில், யானையும் புலியும் திரியும் வழியில் வந்தாலும் கேட்பதில்லை. பத்திரமாக வர வேண்டுமே என்று கவலைப்படுவார்கள், அவ்வளவுதான்.

கோடையில் இந்தக் கணக்குக் கொஞ்சம் மாறுகிறது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுப் பாலையாகின்றன என்று இளங்கோ சொல்கிறார். பாலையில் பெண் நடக்கிறாள். ஆனால் பெரும்பாலும் உடன்போக்கில், ஒருவனுக்குப் பின்னால்.

அப்படியானால் தனியாக மலையேறியவர்கள் யார்? கண்ணகி ஏறினாள். கணவனோடு கீழை வாசலில் நுழைந்தவள் மேலை வாசல் வழியே தனியாக மதுரையை விட்டு வெளியேறி, வையைக் கரையைப் பிடித்து, பகல் இரவு பாராமல் நெடுவேள் குன்றம் ஏறி வேங்கை மர நிழலில் நின்றாள். குன்றக் குறவர்கள் அவளைப் பார்த்து அஞ்சி, யார் நீ என்று கேட்டார்கள். அடுத்த காட்சியில் அவள் வானுலகம் போய்விட்டாள். அவர்கள் தெய்வமாக்கிக் குரவை ஆடினார்கள். காரைக்கால் அம்மையார் கயிலாயம் ஏறினார், சேக்கிழார் சொல்லும் கதையில். அதற்கு முன் உடம்பின் தசையை உதறிப் பேய் வடிவம் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. மலையில் கால் படக் கூடாதென்று தலையால் நடந்தார். எலும்புக்கூடாக வருவது யார் என்று உமை கேட்கிறாள். அங்கேயும் ஒரு கேள்வி. ஔவை ஊர் ஊராக நடந்தாள் என்றால், பின்வந்த கதைகள் முதலில் அவளைக் கிழவியாக்கிவிட்டுத்தான் நடக்கவிடுகின்றன. மணிமேகலைக்குப் பறக்கும் மந்திரமே கிடைத்தது. ஆனாலும் புகாரில் காயசண்டிகை வடிவத்திலும், வஞ்சியில் சமயவாதிகளின் கருத்தைக் கேட்க ஒரு மாதவன் வடிவத்திலும் அவள் போக வேண்டியிருந்தது. தெய்வம், பேய், கிழவி, ஆண் வேடம். இந்தப் பெண்களில் மாலையில் வீடு திரும்பியவள் ஒருத்தியும் இல்லை.

இதற்கு மாறாக ஒரு மெல்லிய இழை சங்கப் பாட்டுக்குள்ளேயே ஓடுகிறது. காவிரிக் கரையில் ஆட்டனத்தியைத் தேடி அலைந்தவள் ஆதிமந்தி. அகநானூற்றின் 45ஆம் பாட்டில் வெள்ளிவீதியார், ஆதிமந்தியைப் போல நானும் திரிவேனோ என்கிறார். 147ஆம் பாட்டில் ஔவையார், வெள்ளிவீதியைப் போலப் புறப்பட்டுவிட விரும்புகிறேன் என்கிறார். ஒருத்தி நடந்ததை அடுத்தவள் சொல்கிறாள், அவள் சொன்னதை அதற்கடுத்தவள் பிடித்துக்கொள்கிறாள். மூவருக்கும் தேடல்தான் காரணம், அதுவும் ஓர் ஆணைத் தேடுவது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குறுந்தொகை 44ஐ வாசியுங்கள். இதுவும் வெள்ளிவீதியார் பாட்டு. உடன்போன மகளைத் தேடிச் செவிலி சுரத்தில் நடக்கிறாள். கால் ஓய்ந்துவிட்டது, பார்த்துப் பார்த்துக் கண் மங்கிவிட்டது. எதிரே எண்ணற்ற பேர் வருகிறார்கள், தேடியவர்கள் மட்டும் இல்லை. உரைகள் இதைத் தாயன்பின் பாட்டாகப் படித்து முடித்துவிடுகின்றன. எனக்கு இது முதலில் நடையின் பாட்டு. ஒரு பெண்ணின் உடம்பு இங்கே காலும் கண்ணுமாக மட்டும் இருக்கிறது. மார்பு இல்லை, அல்குல் இல்லை, பசலை இல்லை. நடக்கிற உறுப்பும் பார்க்கிற உறுப்பும் மட்டுமே. சங்கப் பெண்ணுடலைப் பற்றி இத்தனை ஆய்வேடுகள் வந்தும் இந்தக் கால்களுக்கு ஓர் இயல்கூட யாரும் ஒதுக்கவில்லையே என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

இந்தப் பாடல்களையெல்லாம் என் காலாலும் வாசித்துப் பார்க்க எனக்கு வாய்த்த மலை, மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் இருக்கும் சமணர் மலை. கண்ணகி வெளியேறிய திசை. வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் அரைமணி நேரம். கோடை விடுமுறையில், விடைத்தாள் திருத்தும் வேலை இல்லாத நாட்களில், விடியுமுன் கிளம்பிவிடுவேன். அக்கினி நட்சத்திரத்தில் ஒன்பது மணிக்கெல்லாம் பாறை காய ஆரம்பித்துவிடும். அடிவாரத்தில் ஆலமரமும் தாமரைக் குளமும் கருப்பணசாமி கோயிலும். கோயிலுக்குப் பின்னால் பாறையில் வெட்டிய படிகள். புதருக்குள்ளிருந்து மயில் கத்தும். சித்திரை, வைகாசியில் ஊர்ப்பக்கம் சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்கும்; கார்காலம் வந்ததென்று காட்டக் கொன்றையைப் பூக்க வைக்கும் பாட்டுகளைப் பாடம் நடத்திவிட்டு, கத்திரி வெயிலில் பூத்த கொன்றையைப் படமெடுப்பதில் எனக்கொரு குறும்பான சந்தோஷம். மாணவிகள் கேட்டால் சொல்ல வேண்டிய பதிலை இன்னும் தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.

தோளில் ஒரு பழைய நிக்கான். அது இல்லாமலும் போயிருக்கிறேன், அதனால் வித்தியாசம் தெரியும். கேமரா இல்லாத நாளில் கேள்விகள் இப்படி வரும்: ஒத்தையிலயா வந்தீங்க? சார் வரலையா? மேல எதுக்கு? ஒருமுறை நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர், அக்கறையோடுதான், ஏதாவது மனசு சரியில்லையாம்மா என்று கேட்டார். காலை ஆறு மணிக்கு மலையைப் பார்த்து நடக்கும் நாற்பது வயதுப் பெண்ணுக்கு அவர் அகராதியில் இருந்த ஒரே பொருள் தற்கொலை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நெடுவேள் குன்றத்துக் குறவர்களிடமிருந்து அவர் வாங்கி வந்த கண் அது. கேமராவோடு போனால் கேள்வி மாறிவிடுகிறது. பத்திரிகையா மேடம்? தொல்லியலா? காலேஜ்ல ப்ராஜெக்டா? ஆமாம் என்று தலையாட்டினால் போதும், வழிவிடுவார்கள். பேச்சிப்பள்ளத்துக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றும் சொல்வார்கள். கேமரா என் தினைப்புனம்.

வர்ஜீனியா உல்ஃப் 1927இல் எழுதிய ஒரு கட்டுரையில், குளிர்கால மாலையில் லண்டன் தெருக்களில் நடப்பதற்காக, பென்சில் வாங்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வீட்டைவிட்டு இறங்குகிறார். ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட ‘ஒய் லாய்ட்டர்?’ நூல் இதே புள்ளியைத்தான் தொடுகிறது. பொது இடத்தில் பெண் ஏதோ காரியமாக வந்தவள்போல் தன்னைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. காரியமே இல்லாமல் இருக்கும் உரிமைதான் கேட்க வேண்டிய உரிமை என்கிறார்கள். இதைத் தமிழில் சொல்ல நாம் எங்கேயும் கடன் வாங்க வேண்டாம். சும்மா என்ற சொல் இருக்கிறது. சும்மா போய்ட்டு வந்தேன் என்று ஓர் ஆண் சொன்னால் அது முழுமையான வாக்கியம். சும்மா சுத்துறா என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் அது அவதூறு. நாளெல்லாம் உழைக்கும் பெண்ணைக் கேட்டால் வீட்டில் சும்மாதான் இருக்கிறாள் என்பார்கள். சும்மா இரு என்று அருணகிரிநாதருக்குக் கிடைத்ததோ பெரும் உபதேசம். ஒரே சொல், யார்மீது விழுகிறது என்பதைப் பொறுத்து ஞானமாகிறது, ஒழுக்கக்கேடாகிறது, கணக்கில் வராத உழைப்பாகிறது.

இந்தச் சொல்லை நான் ஒருமுறை அந்த மலையில் சொல்லிப் பார்த்தேன். ஆடு மேய்க்கும் ஒரு பெரியம்மா, பாறை இடுக்கில் நின்றபடி, இந்தப் பாறையில என்ன இருக்குன்னு எடுக்குற தாயி என்று கேட்டார். சும்மாதான் பெரியம்மா என்றேன். சும்மாவா, சும்மா எவளாச்சும் இந்த வெயில்ல வருவாளா என்று சிரித்தார். கேமராவின் திரையில் படத்தைக் காட்டச் சொன்னார். நான் சாம்பல் நிறப் பாறை என்று எடுத்திருந்த படத்தில், இந்தா ஓணான், இந்தா போன வருசம் தேன்கூடு இருந்த எடம் என்று விரல் வைத்துக் காட்டினார். என்னைய எடுத்துறாத, சீல நல்லா இல்ல என்றும் சொன்னார். எடுக்கவில்லை.

கேமராவைத் துப்பாக்கியோடு ஒப்பிட்டு சூசன் சொன்டாக் 1977இல் வந்த நூலில் எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல் என்பது அவருக்கு உதவியது. தமிழில் நாம் படத்தைச் சுடுவதில்லை, பிடிக்கிறோம், எடுக்கிறோம். இரண்டும் அடுத்தவரிடம் இருப்பதைத் தன்வசமாக்கும் வினைகள், ஆகையால் நாமும் நிம்மதியாக இருக்க முடியாது. வில்லோடு வந்தவன் புனத்தில் நின்றவளைப் பார்த்தான். இப்போது கருவியோடு வருவது நான், புனத்தில் நிற்பது அந்தப் பெரியம்மா. பெண் கையில் கேமரா வந்துவிட்டால் பார்வை தானாகவே விடுதலை பெற்றுவிடும் என்று நம் கருத்தரங்குகளில் சொல்லப்படும்போது எனக்கு அவருடைய சீலைதான் நினைவுக்கு வருகிறது. இன்னொன்றும் கவனித்தேன். என்னிடம் ஒத்தையிலயா என்று கேட்பவர்கள் யாரும் அவரிடம் கேட்பதில்லை. ஆண்டு முழுக்க அந்த மலையில் தனியாக நடப்பவர் அவர். ஆனால் தனியாக நடக்கும் பெண் என்று கட்டுரை எழுதும்போது நாம் நினைப்பது என்னைப் போன்றவளை. ஆடு இருப்பதால் அவர் தனி ஆள் இல்லையாம்.

ஆனால் வேலை என்ற காரணம் இருந்தால் மலை பாதுகாப்பாகிவிடும் என்றும் எண்ணிவிட முடியாது. சுள்ளி பொறுக்குவதும் ஆடு மேய்ப்பதும் மலையை நம்பிப் பிழைப்பதும் காரணங்கள்தாம். அந்தக் காரணத்தையே குற்றமாக எழுதும் அதிகாரம் மலையடிவாரத்தில் எப்போதும் இருந்திருக்கிறது. தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தலைத் தேடி வந்ததாகச் சொன்ன வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் ஊரைச் சூறையாடினார்கள். பழங்குடிப் பெண்கள் 18 பேர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேருக்கும் 2011இல் தர்மபுரி நீதிமன்றம் தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பரில். குறிஞ்சித் திணையைப் பாடம் நடத்துகிறவர்கள் உரிப்பொருளோடு இந்த ஆண்டுகளையும் சேர்த்துச் சொல்லலாம். புணர்தலும் புணர்தல் நிமித்தமும் என்று சொல்லிவிட்டு, யாருடைய விருப்பத்தின் பேரில் என்ற கேள்வியைக் கேட்காமல் எத்தனை காலம் மணியடிக்கக் காத்திருப்பது?

படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம் வரும். சுனைக்கு மேலே பாறைச் சரிவில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள், கீழே வட்டெழுத்து. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. சமணப் பள்ளி இருந்த இடம் இப்போது பேச்சி என்ற நாட்டார் பெண்தெய்வத்தின் பெயரில் இருக்கிறது. மலையின் இன்னொரு புறத்தில் செட்டிப்புடவுக் குகைக்குள் சிங்கத்தின் மேலேறி யானைமேல் வரும் வீரனை எதிர்க்கும் இயக்கி இருக்கிறாள். காலை வெளிச்சம் சாய்வாக விழும் நேரத்தில் பேச்சிப்பள்ளத்து எழுத்துகள் எழும்பி நிற்கும். உச்சிப் பொழுதானால் கல்லோடு கல்லாகிவிடும். இதற்காகவும்தான் விடியலில் போகிறேன். அந்த எழுத்துகளில் ஒன்று, அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி அது என்று சொல்கிறது. ஒரு மகனின் தாய் என்ற அடையாளம் ஒட்டியிருந்தாலும், தன் பெயரோடு, செய்வித்தவளாக, ஒரு பெண் இந்தப் பாறையில் இருக்கிறாள். அவள் தெய்வமாகவில்லை, பேயாகவும் இல்லை. ஏறி வந்து பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும்.

தென்பாண்டிச் சீமையில் கழுகுமலைப் பாறைகளில் இன்னும் வெளிப்படையாக இருக்கிறார்கள். அங்குள்ள கல்வெட்டுகளில் குரத்தியர் பலர் குறிக்கப்படுகிறார்கள். குரவர் என்றால் ஆசிரியர். குரத்தி அதன் பெண்பால், சமணப் பெண் ஆசிரியர். வடக்கே வந்தவாசிப் பக்கம் வேடல் கல்வெட்டு கனகவீரக் குரத்தியையும் அவருடைய மாணாக்கியரையும் சொல்கிறது. லெஸ்லி ஓர் போன்றவர்கள் கல்வெட்டுகளிலிருந்து இந்தப் பெண்களைத் தனியே எடுத்துப் பேசியிருக்கிறார்கள். நம் இலக்கிய வரலாற்று நூல்களில் அவர்களுக்கு ஒரு பத்திகூடக் கிடையாது. பாட்டு அவர்களைப் பாடவில்லை. பாட்டில் வந்த சமணப் பெண் துறவி கவுந்தியடிகள், கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாகப் புகாரிலிருந்து மதுரைவரை நடந்து, கொலைச் செய்தி கேட்டு உண்ணாநோன்பிருந்து உயிர்விடுகிறார். வாதம் செய்யப் புறப்பட்ட நீலகேசியோ முதலில் பேய். இலக்கியத்துக்கு நடக்கும் பெண்ணை உயிரோடு, கௌரவத்தோடு வைத்திருக்கத் தெரியவில்லை. கல்லுக்குத் தெரிந்திருக்கிறது. குரத்தியருக்கும் துறவு என்ற காரணம் இருந்தது, சும்மா போனவர்கள் இல்லை. அவர்களை என் முன்னோடிகளாக்கிக் கொண்டாட அவசரப்பட மாட்டேன். ஆனால் மலையில் பெண் என்றதும் தினையையும் கிளியையும் மட்டும் நினைக்கப் பழகிய மனத்துக்கு, அங்கே படித்துக்கொடுத்த பெண்களும் இருந்தார்கள் என்ற செய்தி சிறிதல்ல.

அம்பையின் ‘அடவி’ கதையில் செந்திரு காட்டுக்குப் போகிறாள். அங்கே சீதை தன் ராமாயணத்தைத் தானே எழுதுகிறாள். வீட்டுக் கசப்போடு கிளம்பியவள்தான். என்றாலும் அவளைத் தெய்வமாக்காமல், பேயாக்காமல் காட்டில் உட்காரவைத்து எழுத விட்டது தமிழில் சாதாரணக் காரியமில்லை. அடுத்த படியாக, கசப்புகூட இல்லாமல் ஒருத்தி போய்வர வேண்டும்.

குரத்தியரைப் பற்றி ஒருமுறை வேறொரு தொகுப்புக்கு எழுதியபோது, மெய்ப்புப் பார்த்தவர் எல்லா இடத்திலும் ரகரத்தை அடித்துவிட்டுக் குறத்தி என்று திருத்தியிருந்தார். மலை என்றால் குறத்திதானே, நான் எழுத்துப் பிழை விட்டிருப்பதாக நினைத்துவிட்டார். மறுபடி மாற்றி அனுப்பினேன், மறுபடி குறத்தியாகவே வந்தது. என் மாணவிகளும் தேர்வில் அப்படித்தான் எழுதுகிறார்கள். அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் நான் மதிப்பெண்ணைக் கறாராகக் குறைப்பேன். இந்தக் கட்டுரையின் கைப்பிரதியிலும் ஒவ்வொரு ரகரத்துக்கும் கீழே பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் ‘இப்படியே இருக்கட்டும்’ என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.